அந்தக் கரையில் உன் சித்தி இருக்கிறாள்

தம்பி சேகர்,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் கடுதாசியைத் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அப்படித் தொடங்கினால் மேற்கொண்டு எழுதப்போவதெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். முட்டி வலிக்கிறது. ஆபரேசன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது, தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதைவிட நன்றாகத் தெரிகிறது. உடம்பைப் பற்றி அவ்வளவுதான். நான்கு நாளாக, கயல் சின்னப் பிள்ளையில் இங்கே விட்டுப்போன நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை பழக்கமில்லை. எழுத்து சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், கயல் கல்யாணத்துக்கு நேரில் போய் அழைக்க வேண்டியவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தாய். ஆண்டிமடம் மாமா வீடு, உடையார்பாளையம் பெரிய வீடு, வேப்பந்தட்டையில் வாக்கப்பட்ட மல்லிகா என்று சொல்லிவிட்டு, மல்லிகா பெயரிலேயே நின்றாய். "மல்லிகாவ அழைச்சா அவங்கம்மாவையும் அழைக்கணுமே. வேணாம்மா. என் கல்யாணத்துக்கு வெத்தல வாங்காம முதுவக் காட்டிட்டுப் போனவங்க பவுனு சித்தி. என் மவ கல்யாணத்துக்கு எதுக்கு?" என்றாய். நான் "சரி" என்றேன். அப்புறம் நீ "அப்புறம்மா?" என்றாய். அப்புறம் என்றால் போனை வை என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும், வைத்துவிட்டேன்.

அந்தச் சரியை நான் சொல்லியிருக்கக் கூடாது. உன் சித்தி வெற்றிலை வாங்க மறுக்கவில்லை, தம்பி. நான்தான் அப்படிச் சொன்னேன். உன் அப்பாவிடம் சொன்னேன், உன்னிடம் சொன்னேன், ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது. தையில் நீ அவளை விட்டுவிட்டுக் கயல் கல்யாணத்தை நடத்தினால் அந்தப் பொய் உன் மகள் தலையிலும் ஏறும். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன வருடம் முழுக்க நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

நான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவைத் திறந்தால் துவைக்கிற கல், கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் பவுனு வீடு. நீ சிரிப்பாய், வேறு வேலை இல்லையா என்று கேட்பாய். இல்லை, தம்பி. ஒருத்திக்கு எத்தனை பாத்திரம் விழும்? காலையில் ஒரு டம்ளர் டீயோடு கல்லில் உட்கார்ந்தால் எட்டு மணி வரைக்கும் என்னைக் கூப்பிட ஆள் கிடையாது. சில நாள் சாயங்காலம் பால்காரனிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று சொல்லும்போதுதான், அன்றைக்கு அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்று தெரியும். குரல் கரகரவென்று இருக்கும்.

போன கார்த்திகையில் குளம் ரொம்பியபோது ஒரு சோடி முக்குளிப்பான் வந்து இறங்கியது. உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ கல்லெறிந்து விரட்டுவாய். வாத்துக்குஞ்சு அளவுதான் இருக்கும், வால் என்று ஒன்று இருக்காது, பார்த்துக்கொண்டே இருக்கும்போது தண்ணீருக்குள் போய்விடும். எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அது முங்கினால் நான் எண்ண ஆரம்பிப்பேன். பதினெட்டு வரைக்கும் போகும். பதினெட்டில் நான் பார்க்காத இடத்தில் எழும்பித் தலையை உதறும். திடீரென்று இரண்டும் சேர்ந்து ஒரு சத்தம் போடும், கிச்சுக்கிச்சு மூட்டிய குழந்தை சிரிப்பை நிறுத்த முடியாமல் சிரிக்குமே, அந்த மாதிரி. முதல் நாள் அதைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்க் கரையில் பவுனு குடத்தோடு நின்றுகொண்டு அவளும் சிரிக்கிறாள். நான் உடனே குனிந்து புடவையை அலச ஆரம்பித்தேன். அது ஏற்கனவே அலசிய புடவை.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவள் அந்தக் கல்லில், நான் இந்தக் கல்லில். இரண்டு பேரும் பறவையைப் பார்ப்போம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டோம். அவள் ஒரு நாள் வரவில்லை என்றால் எனக்கு டீ இறங்காது. காய்ச்சலா, மல்லிகா வீட்டுக்குப் போய்விட்டாளா, யாரிடம் கேட்பது? மறுநாள் குடத்தோடு வந்து நிற்பாள். எனக்கு உடனே பழைய கோபம் வந்துவிடும். கோபத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று சத்தமாகச் சொன்ன உன் அப்பாவின் அத்தை எந்தக் கலர் புடவை கட்டியிருந்தாள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். கத்தரிப்பூ கலர், மஞ்சள் கரை. அப்படிப்பட்டவள் நான். ஆனால் நினைப்பு இருக்கிறது என்பதும் நியாயம் இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

தையில் அந்தப் பறவைகள் என் பக்கத்தில் கூடு கட்டின. தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் கருவேலங்கிளையில் பாசியையும் அழுகிய கோரையையும் கொண்டுவந்து குவித்தன. கூடு என்றால் நம்ப மாட்டாய், குப்பை ஒதுங்கியது போல இருக்கும், தண்ணீர் அசைந்தால் அதுவும் அசையும். அதில் நான்கு முட்டை. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி உட்கார்ந்தன. ஆனால் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போகும்போதெல்லாம் ஈரப் பாசியை அவசர அவசரமாக இழுத்து முட்டையின் மேல் போட்டு மூடிவிட்டுப் போகும். எனக்கு வயிறு எரியும். நான் எத்தனை கோழியை அடை வைத்தவள்! முட்டையில் ஈரம் பட்டால் கூமுட்டைதான் என்று என் அம்மா சொல்லி, நான் சொல்லி, உன் பொண்டாட்டிக்கும் சொல்லியிருக்கிறேன். காய்ந்த வைக்கோலில், வெதுவெதுப்பான இடத்தில், கை ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தொட்டு வைக்கிற பொருள் அது. இந்த ஜென்மம் சொட்டச் சொட்டப் பாசியைப் போட்டு மூடுகிறதே, வெயில் படாமல் அழுகிப்போகுமே என்று பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள், அது இரை தேடப் போன நேரமாகப் பார்த்து, ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.

கொக்கியை நீட்டிப் பாசியை ஒரு இழுப்பு இழுத்திருப்பேன். எதிர்க் கரையிலிருந்து சத்தம் வந்தது. "யக்கா! யக்கா, தொறக்காத! காக்கா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு! அது மூடறதே காக்காய்க்குத்தான்!"

இருபத்தாறு வருடத்தில் முதல் பேச்சு அது. யக்கா என்று கூப்பிட்டாள். எனக்குக் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பனைமரத்தில் காக்கா இருப்பது எனக்கும் தெரிகிறது. அவள் சொல்வது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றிவிட்டது, தம்பி, இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவள் சொல்லி நான் கேட்பதா? கரையில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "எங்கரைல இருக்கறது எனக்குத் தெரியாதா? ஊர்ல உள்ளவளுங்க வந்து பாடஞ் சொல்லணுமா எனக்கு?" என்று கத்திவிட்டு மீதிப் பாசியையும் இழுத்து எறிந்தேன். நான்கு முட்டையும் பழுப்பேறிப் போய் வெயிலில் கிடந்தன. உலை கொதித்துவிட்டதே என்று உள்ளே போய் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. கிளையில் இரண்டு காக்கா, கூட்டில் ஓடு.

முக்குளிப்பான் திரும்பி வந்து கூட்டைச் சுற்றி முங்கியது, எழும்பியது, முங்கியது. அன்றைக்கு நான் எண்ணவில்லை. பவுனு கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் நாலு சொல் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. வடித்த சோறு அன்றைக்கு அப்படியே ஆட்டுக்குப் போனது. யார் சரி என்று தெரிந்த பிறகும் எதிராகச் செய்கிற கை எனக்கு அன்றைக்கு மட்டும் வந்தது இல்லை. அதை முதலில் எங்கே செய்தேன் என்று அன்றைக்குப் பகல் முழுக்க உட்கார்ந்து நினைப்பிலேயே பின்னால் போய்ப் பார்த்தேன்.

உனக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது எனக்கு மஞ்சள்காமாலை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தேன். அண்ணன் தம்பி குடும்பம் இரண்டும் அப்போது ஒரே வீட்டில்தான், உன்னைப் பவுனு வைத்துக்கொண்டாள். மல்லிகா அப்போது கைக்குழந்தை. ஒரு பக்கம் அவளும் மறு பக்கம் நீயும் பால் குடித்து வளர்ந்தீர்கள். நான் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து கையை நீட்டினேன். நீ என்னைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். "அம்மாடா, ஒங்கம்மாடா சாமி" என்று அவள் உன்னைப் பிரித்துப் பிரித்து என்னிடம் கொடுக்கிறாள், நீ அவளைப் பார்த்து அம்மா என்கிறாய். வாசலில் ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவள் வேப்பிலையை அரைத்து மாரில் பூசிக்கொண்டாள். நீ வாயை வைத்துவிட்டுத் துப்பினாய், அழுதாய், அவளைக் கையால் அடித்தாய். அவள் அந்தக் கசப்போடு தன் மகளுக்குப் பால் கொடுக்க முடியாமல், கழுவிக் கழுவிக் கொடுத்தாள். நான்காம் நாள் நீ என்னிடம் வந்துவிட்டாய். எனக்காகத்தான் செய்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எம்புள்ள வாயில கசப்பத் தடவுனா என்று சொன்னேன். பாகம் பிரித்தபோது சொன்னேன், அவர்கள் அந்தக் கரையில் வீடு கட்டிப் போனபோது சொன்னேன். உனக்கு விவரம் தெரிந்த பிறகு உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். பாகத்தில் புளியமரம் அவர்களுக்குப் போனதால்தான் எனக்குக் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

உன் கல்யாணம் வந்தது. பங்காளி வீட்டுக்குப் பத்திரிகையை ஆள் மூலமாகக் கொடுத்தனுப்ப முடியாது, வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் போய் நின்று வாயால் அழைக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். உன் சித்தப்பா செத்து ஏழு மாதம். உன் அப்பா, "தம்பி இல்லாத வூட்டு வாசப்படிய எப்படி மிதிப்பேன், நீயே போயிட்டு வா, நல்ல விதமாப் பேசு" என்று அனுப்பினார். கரையைச் சுற்றிக்கொண்டு போனேன். பவுனு வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

நான் உங்களிடம் சொன்னது அது வரைக்கும்தான். அதற்கு மேலே ஒன்று நடந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "ஏ மல்லிகா, எழுந்திருடி, பெரிம்மா தட்டோட வந்து நிக்கிறாங்க. காச்ச கெடக்குது, மொகத்தக் கழுவிக்கிட்டுப் பொட்டு வெச்சுக்கிட்டு வா. எங்கையால மொதல்ல வாங்கினா தம்பிக்கு ஆவாதுடி, வெரசா வா." பொட்டிழந்த கை உன் கல்யாண வெற்றிலையை முதலில் தொடக் கூடாது என்று, காய்ச்சலில் படுத்திருந்த மகளை எழுப்பிக்கொண்டிருந்தாள். அவ்வளவும் என் காதில் விழுந்தது. வெயிலில் நின்றுகொண்டு முழுசாகக் கேட்டேன். இவள் மணவறையில் வந்து நின்றால் இவன் மறுபடியும் இவள் பக்கம் திரும்புவான் என்று எனக்குள் ஒன்று சொன்னது. உனக்கு அப்போது இருபத்தேழு வயது. இருந்தாலும் சொன்னது. தட்டோடு திரும்பி நடந்தேன். பாதிக் கரை வந்தபோது பின்னாலிருந்து மல்லிகா "பெரிம்மா, பெரிம்மா" என்று கூப்பிட்டாள். நான் நடையை எட்டிப் போட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், "என்னயப் பாத்துட்டு முதுவக் காட்டிக்கிட்டு உள்ள போயிட்டா. இதுக்கு மேல அந்த வாசல்ல எனக்கு என்ன வேலை?" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை பார். அதுதான் அதில் இருக்கிற விஷம். மல்லிகா மறுநாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள், நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் அப்பா என்னை நம்பினார். நம்பிக்கொண்டே செத்தும் போனார். அவர் கருமாதிக்குப் பவுனு வந்து புளியமரத்தடியில் தள்ளி நின்றாள். நீ எல்லோர் முன்னாலும், "கல்யாணத்துக்கு வராதவங்க கருமாதிக்கு மட்டும் எதுக்கு வரீங்க?" என்று கேட்டாய். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனாள். நான் பந்தலுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்ட அந்தக் கேள்வி என் வாய்க்குள் இருந்து வந்தது, உன் வாயில் நான்தான் வைத்தேன்.

குளத்துக்கு வருகிறேன். மாசியில் அந்த சோடி மறுபடியும் கூடு கட்டியது, பவுனு பக்கத்தில். நம் கொல்லையில் முந்திரி பூத்து வாசனை மூக்கை அடைக்கிற மாதம் அது. அவள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூங்கில் கழியால் காக்கா ஓட்டினாள். குஞ்சு பொரித்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. குஞ்சுகள் தாயின் முதுகில் இறகுக்குள் ஏறிக்கொண்டு தலையை மட்டும் நீட்டிக்கொண்டு போகும், கோடு போட்ட சின்னத் தலைகள். சில நேரம் அவற்றைத் தாங்கிக்கொண்டே அது முங்கிவிடும், குஞ்சுகள் தக்கை மாதிரி மேலே மிதக்கும். பவுனு கை தட்டுவாள். எனக்கும் தட்டத் தோன்றும், தட்ட மாட்டேன். பங்குனியில் தண்ணீர் இறங்கியது. வளர்ந்த குஞ்சுகளைத் தாயே கொத்திக் கொத்தி விரட்டியது. முதலில் பார்க்கச் சங்கடமாக இருந்தது, அப்புறம் அதற்காவது அந்தத் தைரியம் இருக்கிறதே என்று நினைத்தேன். கயலை அனுப்பும்போது நீ இதை நினைத்துக்கொள். அவள் அந்த வீட்டு மாமியாரை அம்மா என்று கூப்பிட்டால் உன் பொண்டாட்டி முகம் சுருங்கும். சுருங்க விடாதே. பிள்ளை இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதால் நம்மிடமிருந்து எதுவும் குறைவதில்லை. எனக்கு இது தெரிய எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சித்திரையில் ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்றும் இல்லை. எல்லாம் வேறு தண்ணீரைத் தேடிப் போய்விட்டன. அது பறந்து போனதை ஒரு முறைகூட யாரும் பார்த்தது கிடையாது. அப்புறம் குளம் வெடித்துக் கிடந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கோடையில் கரையைச் சுற்ற வேண்டாம், ஆடு போகிற தடத்தில் குளத்துக்குக் குறுக்கே நடந்தால் அவள் வாசல்தான். ஆடிக் காற்று அடிக்கும்போது ஒரு நாள் இறங்கி நடந்தேன். நடுக் குளம் வரைக்கும் போனேன். அவள் எழுந்து நின்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. குனிந்து நாலு எருமுட்டையைப் பொறுக்கிக்கொண்டு, அதற்குத்தான் வந்தவள் போலத் திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் தண்ணீர் வந்துவிட்டது, பறவை இன்னும் வரவில்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை உன் போன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தூங்கவில்லை. புதன்கிழமை தூறலில், சேற்றில், தொரட்டியை ஊன்றிக்கொண்டு கரையைச் சுற்றிப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், என்னை நம்பு. அவள் திண்டாடிப் போவாள் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்காமல், "வாக்கா. செருப்பக் கழட்டாத, சேறா கெடக்கு" என்றாள், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவளிடம் சொல்வது போல.

"இல்ல, இங்கியே நிக்கிறேன்" என்றேன்.

"இன்னும் எத்தினி வருசம் நிக்கிறதா உத்தேசம்? இந்தா, ஒக்காரு. அந்தப் பக்கம் சாயாத, நாற்காலிக்கு ஒரு காலு ஒடஞ்சது. ஒனக்கும் முட்டி ஒடஞ்சது, ரெண்டும் ஒண்ணா விழுந்துடப் போவுது."

கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். "பாலு வாங்கறதில்லக்கா. ஒத்த ஆளுக்கு எதுக்குப் பாலு?" என்றாள். குடித்தேன். குளத்தையே பார்த்துக்கொண்டு, "இந்த வருசம் இன்னும் காணமே" என்றேன்.

"வரும். போன வருசமும் கொளம் முழுசா ரொம்புன பொறவுதான் வந்துச்சு. ஆமா, அது முங்கினா நீ எத்தினி எண்ணுவ?"

"நான் எண்ணறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன் வாயி அசையறது இங்க வரைக்கும் தெரியுது. எத்தினி?"

"பதினெட்டு."

"எனக்கு இருவது வரும். நீ நிதானமா எண்ணற, அதான் கொறையுது. பொறந்ததுலேருந்து நிதானமா ஒரு காரியம் செஞ்சதில்ல, இதுல மட்டும் நிதானம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அன்னிக்கி நீ தட்டோட வந்து நின்னப்ப ஒனக்கு முதுவக் காட்டிட்டேன். மல்லிகாவ அழைச்சாரத்தான் உள்ள போனேன். ஆனா நில்லுக்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கணும். மங்கலத் தட்ட வெச்சுக்கிட்டு வெயில்ல நின்னவளுக்கு மனசு எப்புடி ஆவும்? எனக்கு அது தோணாமப் போச்சு. சேகரு கருமாதில கேட்டது ஞாயந்தான். அவங் கல்யாணத்த நான் கண்ணால பாக்காமப் போனது என் புத்தியாலதான். மன்னிச்சுக்க."

தம்பி, அவள் இருபத்தாறு வருடமாக அந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. "எல்லாம் காதுல விழுந்துச்சுடி" என்று மூன்றே சொல்தான். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. அந்தக் கையை அவள் எடுத்துவிடுவாள் என்று பயந்தேன். கடைசியாக ஒருவர் என் கையைப் பிடித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை, எல்லாம் நினைவிருக்கிற எனக்கு. "போவுது விடு" என்றேன். நான் அவளை மன்னித்துவிட்டு வந்தேன், தம்பி. அவளை நான் மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

வரும்போது ஒரு தூக்குவாளி நிறையக் கீரைக் குழம்பு கொடுத்தாள். மறுநாளிலிருந்து இரண்டு கரைக்கும் பேச்சு நடக்கிறது. காலையில் "எழுந்தாச்சாக்கா?" என்று கூப்பிடுகிறாள், நான் பதில் சொல்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. இப்படியே பேச்சாகிவிட்டது, இனி எதற்குக் கிளறுவது என்று என் மனம் தினமும் சொல்கிறது. இன்னும் ஒரு வாரம் போனால் நான் அதைக் கேட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது இது. பத்திரிகை கொடுக்க வரும்போது முதலில் நம் வீட்டுக்கு வராதே. நீயும் உன் பொண்டாட்டியும் தட்டோடு நேராக அந்தக் கரைக்குப் போங்கள். தன் கையால் முதலில் வாங்கக் கூடாது என்று பவுனு உள்ளே போகப் பார்ப்பாள். விடாதே. அவள் கையில்தான் முதல் வெற்றிலை. கருமாதியில் கேட்டதற்கு நீயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று நான் சொல்லித் தர மாட்டேன், நான் சொல்லிக் கொடுத்துச் சொன்னதெல்லாம் போதும். அப்புறம் உட்கார்ந்து இந்தக் கடுதாசியை அவளுக்குப் படித்துக் காட்டு. அவளுக்கு எழுத்து தெரியாது. முதல் வரியிலிருந்து படி. தொரட்டியையும் படி, வேப்பிலையையும் படி, உள்ளேயிருந்து அவள் மல்லிகாவிடம் பேசியது எனக்குக் கேட்டதையும் படி. அம்மாவுக்கு அவமானமாக இருக்குமே என்று எதையும் தாண்டிப் போகாதே.

நான் கொல்லையில்தான் இருப்பேன். நீ படிப்பது எனக்குக் கேட்காது, ஆனால் அவள் முகம் தெரியும். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் கூப்பிடாதே, அது அவள் உரிமை. கல்யாணத்துக்கு அவள் வந்து, நான் வரக் கூடாது என்று அவள் நினைத்தால், அப்படியே ஆகட்டும், அவளைக் கூட்டிக்கொண்டு போ. கயலுக்கு மட்டும் நான் பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

படித்து முடித்ததும் அவள் ஏதாவது சொல்வாள். என்னைத் திட்டுவாள், திட்டட்டும். அதை வந்து எனக்குச் சொல். "ஒண்ணும் சொல்லலம்மா" என்று மழுப்பாதே, நல்லதாக மாற்றியும் சொல்லாதே. அவள் வாயிலிருந்து வந்தது வந்தபடி, ஒரு சொல் குறையாமல் எனக்கு வேண்டும்.

உன் அம்மா